ஃபுவென்தே என்றால் எந்த ஃபுவென்தே?

முதல் நாள், மத்ரித்

1986 உலகக் கோப்பையை தூர்தர்ஷன் காட்டியபோது எங்கள் தெருவில் டிவி இருந்தது இரண்டே வீட்டில். ஆட்டம் தொடங்கவே நள்ளிரவு நெருங்கிவிடும். தெருவெல்லாம் மரடோனா பைத்தியமாக இருக்க, எனக்கு மட்டும் மெக்சிகோவின் ஹியூகோ சான்செஸ். பெல்ஜியத்துக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அடுத்த ஆட்டத்தில் பராகுவேயோடு கடைசி நேரத்தில் பெனால்டியைக் கோட்டை விட்டார். கோல் போட்டால் குட்டிக்கரணம் அடிப்பார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வித்தையை அவர் தன் அக்காவிடம் கற்றார், அக்கா 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அவர் பேரை ‘ஊகோ சாஞ்செஸ்’ என்று சொல்ல வேண்டும் என்பதும் அப்படித்தான்.

இந்தப் பயணம் ஊகோவுக்கு வெகு முன்னால் ஸ்பெயினில் ஆடிய ஃபுவென்தே என்ற இன்னொரு மெக்சிகோக்காரரைத் தேடித்தான். ஆனாலும் மத்ரித்தில் பையை அறையில் போட்டதும் நேராக ஊகோ ஆடிய ரியல் மத்ரித் அணியின் பெர்னபேயு மைதானத்துக்குத்தான் போனேன். புதுப்பித்த பிறகு வெளியே முழுக்க உலோகத் தகடு. பெரிய எவர்சில்வர் டிபன் கேரியரை யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. உள்ளே போக டிக்கெட் விலையைப் பார்த்தேன். வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு ஒரு சுற்று நடந்தேன்.

ஊகோ 1981-இல் ஸ்பெயினுக்கு வந்தது இந்த ரியல் மத்ரித்துக்கு அல்ல, எதிர் முகாமான அத்லெட்டிகோவுக்கு. 1984-85 சீசனில் 19 கோல் போட்டு லீக்கின் அதிக கோல்காரர் ஆனார். அந்த ஆண்டு ஸ்பானியக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் போட்ட இரண்டு கோலில் அத்லெட்டிகோ கோப்பையைத் தூக்கியது. அப்புறம் ரியலுக்குத் தாவினார். தொடர்ந்து ஐந்து லீக் பட்டம். 1989-90-இல் 38 கோல். அந்த முப்பத்தெட்டும் பந்தை நிறுத்தாமல், ஒரே தொடுதலில் அடித்தவை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நம்பிக்கை வராத கணக்கு இது.

மாலையில் மான்சனாரெஸ் ஆற்றங்கரைக்குப் போனேன். அத்லெட்டிகோவின் பழைய மைதானம் அங்கேதான் இருந்தது, இடித்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து ஊகோவுக்கு முன்னால் மெக்சிகோவிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். 1940-களில் ரியல் மத்ரித்தில் ஹோசே லூயிஸ் போர்போயா, கார்லோஸ் செப்தியேன் என்று இருவர். அதற்கப்புறம் பெரிய இடைவெளி. அதில் ஒரு பகுதிக்குக் காரணம் எளிது. 1962 சிலி உலகக் கோப்பையில் ஸ்பெயின் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. வெளிநாட்டுக்காரர்களால்தான் நம் பிள்ளைகள் வளரவில்லை என்று அவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். திறந்தது 1973-இல்தான், திறந்ததும் உள்ளே வந்தவர் நெதர்லாந்து நட்சத்திரம் யோஹான் க்ராய்ஃப்.

போர்போயாவுக்கும் செப்தியேனுக்கும் முன்னால் ஒருவர் உண்டு. வெராக்ரூஸ் துறைமுகத்துப் பையன், 1914-இல் பிறந்தவர். லூயிஸ் தெ லா ஃபுவென்தே என்று பேர், ‘எல் பிராத்தா’, அதாவது கடற்கொள்ளையன், என்று பட்டப்பேர். 1935-36 சீசனில் வடக்குக் கடற்கரையில் இருக்கும் சாந்தாந்தேர் நகரின் ராசிங் அணிக்கு வந்தார். நாளைக்கு அங்கேதான் ரயில்.

இரண்டாம் நாள், ரயிலும் மழையும்

சமார்த்தின் நிலையத்திலிருந்து சாந்தாந்தேருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். பாலென்சியா வரை தட்டையான காய்ந்த நிலம்; கோதுமை அறுத்த வயலும் நடுவில் ஒரு தேவாலயக் கோபுரமும் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் தூங்கிவிட்டேன். ரெய்நோசா தாண்டி விழித்தால் வேறு நாடு. மலை, மூடுபனி, ஈரப் பச்சை, பச்சை நடுவே மாடு. ரயில் வளைந்து வளைந்து கீழே இறங்கியது. இறங்கி நின்ற இடத்தில் மழை.

சாந்தாந்தேர் என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு வங்கி. 1857-இல் இந்த ஊரில்தான் அது தொடங்கியது, அமெரிக்கக் கண்டத்தோடு நடந்த கப்பல் வியாபாரத்தை நம்பி. ஊருக்குள் நடந்தால் துறைமுக நகரங்களுக்கு இருக்க வேண்டிய பழைய சந்துபொந்துகள் கண்ணில் படுவதில்லை. 1941 பிப்ரவரியில் தெற்கிலிருந்து வீசிய சூறைக்காற்றில் பரவிய தீ, பழைய நகரத்தின் நடுப்பகுதியை அப்படியே தின்றுவிட்டது. இப்போது பார்க்கும் நேர்த் தெருக்கள் எல்லாம் அதற்குப் பிறகு போட்டவை. ஃபுவென்தே நடந்த ஊர் இது இல்லை என்பது முதல் அரை மணி நேரத்திலேயே புரிந்துவிட்டது.

சாயந்திரம் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாருக்குப் போனேன். இந்த ஊரில் ‘ராபாஸ்’ சாப்பிடாமல் போகக் கூடாதாம். கணவாயை நீள நீளமாக வெட்டி மாவில் புரட்டிப் பொரித்தது, மேலே எலுமிச்சை. தட்டு காலியானதும் கவுண்டரில் இருந்தவரிடம் என் ஓட்டை ஸ்பானிஷில் கேட்டேன்: “லூயிஸ் தெ லா ஃபுவென்தே தெரியுமா?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “தெரியாமலா? ஆனால் அவர் இந்த ஊர் இல்லையே, ஹாரோ ஊர்க்காரர்!”

பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். “அத்லெட்டிக் பில்பாவோவில் இடது பேக். நல்ல ஆட்டக்காரர்.”

மூன்றாமவர் பெர்லினில் இங்கிலாந்தை ஜெயித்த 2024 யூரோ இறுதியாட்டத்தை மறுபடி ஆடிக் காட்டத் தொடங்கினார்.

அவர்கள் சொன்னது ஸ்பெயின் தேசிய அணியின் இப்போதைய பயிற்சியாளரை. அதே பேர், அட்சரம் பிசகாமல். “இல்லை, இவர் மெக்சிகோக்காரர், 1935, இங்கே ராசிங்கில் ஆடினார்” என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்சிகோ என்றால் ஊகோ சாஞ்செஸ், இல்லையா என்று முதலாமவர் தாராளமாகக் கேட்டார். இந்த ஊருக்கு ஊகோ வந்ததெல்லாம் எதிரணியாகத்தான்.

ஓரமாக உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “பிராத்தாவையா கேட்கிறீர்கள்? வெராக்ரூசில் என் பெரியம்மா மகன் இருக்கிறான். அங்கே ஸ்டேடியத்தின் பேரே அதுதானே” என்றார். சொல்லிவிட்டு மறுபடி குறுக்கெழுத்துக்குள் போய்விட்டார். எனக்கு அந்த நாளுக்கு அது போதும்.

மூன்றாம் நாள், எல் சார்தினேரோ

மழை விட்டது. பஸ்ஸில் எல் சார்தினேரோ கடற்கரைக்குப் போனேன். ராஜா பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ கோடைக்கு வந்து தங்கிய மக்தலேனா அரண்மனை ஒரு முனையில், நீளமான மணல், பிறகு ராசிங்கின் மைதானம். இப்போது இருப்பது 1988-இல் திறந்தது. 1913-இல் தொடங்கிய பழையது கடலுக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. அந்த இடம் இன்று பூங்கா. நாயோடு நடப்பவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை, ஒரு பையன் தனியாகச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். காற்று கடலிலிருந்து வரும்போது உப்பும் ஈரமும் முகத்தில் அடிக்கிறது. வெராக்ரூசும் துறைமுகம்தான், அங்கேயும் காற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது வெப்பக் கடல். 21 வயதில் அங்கிருந்து கிளம்பி இந்தக் குளிருக்குள் வந்து பந்து உதைத்திருக்கிறார் மனிதர்.

அந்த சீசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு ராசிங் என்றால் சின்ன அணி என்று நினைப்போம். அன்று அப்படி இல்லை. 1929-இல் ஸ்பானிய லீக் தொடங்கியபோது இருந்த பத்து அணிகளில் ராசிங் ஒன்று. 1930-31-இல் அத்லெட்டிக் பில்பாவோவோடும் ரியல் சோசியதாதோடும் ஒரே புள்ளிக் கணக்கில் முடித்து இரண்டாம் இடம் பிடித்தது. ஃபுவென்தே வந்த 1935-36-இல் லீக்கில் பன்னிரண்டு அணி. ராசிங் நான்காவது, பார்சலோனாவுக்கும் மேலே. பட்டம் அத்லெட்டிக்குக்கு. பக்கத்து ஒவியேதோ அணியின் இசிதோரோ லாங்கரா 27 கோலோடு தொடர்ந்து மூன்றாவது முறையாக அதிக கோல்காரர். லாங்கராவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

சும்மா யாரோ ஒரு வெளிநாட்டுப் பையனை ஒரு பலவீனமான அணி இழுத்துப் போட்டுக்கொண்ட கதை இல்லை இது. ஃபுவென்தே ஏற்கெனவே மெக்சிகோ நகரில் ‘ரியல் கிளப் எஸ்பாஞா’வுக்கு ஆடியவர். அது அங்கே குடியேறிய ஸ்பானியர்கள் 1912-இல் தொடங்கிய கிளப். அவர்களுக்குப் போட்டியாக அஸ்தூரியாஸ்காரர்கள் தங்கள் மாகாணத்தின் பேரிலேயே இன்னொன்று வைத்திருந்தார்கள். அன்றைய மெக்சிகோ கால்பந்தில் பாதி, வடக்கு ஸ்பெயினின் மளிகைக் கடைக்காரர்களும் பேக்கரிக்காரர்களும் துணி வியாபாரிகளும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. அதில் பேர் எடுத்த ஒருவனைப் பற்றி சாந்தாந்தேருக்குச் செய்தி வந்து சேர்வதில் ஆச்சரியமே இல்லை.

சீசன் ஏப்ரல் 1936-இல் முடிந்தது. ஜூலையில் உள்நாட்டுப் போர். லீக்கை மூடிவிட்டார்கள், மறுபடி தொடங்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. ஃபுவென்தேயின் ஸ்பானிய வாழ்க்கை ஒரே சீசனில் முடிந்தது இப்படித்தான். அடிபட்டோ ஃபார்ம் போயோ அல்ல. 1937 ஆகஸ்டில், அரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவின் படை சாந்தாந்தேரைப் பிடித்தபோது கைதிகளை அடைக்க இடம் போதவில்லை. மக்தலேனாவின் குதிரை லாயம், காளைச் சண்டை அரங்கு, அப்புறம் இந்தக் கால்பந்து மைதானம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் அடைத்தார்கள். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குக் கீழே இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

புது மைதானத்தைச் சுற்றி வரும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. 2014 ஜனவரி 30, ஸ்பானியக் கோப்பைக் கால் இறுதி, எதிரணி ரியல் சோசியதாத். ராசிங் அப்போது மூன்றாம் பிரிவுக்கு விழுந்திருந்தது. ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. விசில் ஊதியதும் பதினொரு பேரும் நடுவட்டத்தில் கைகோத்து நின்றுவிட்டார்கள். பந்தை யாரும் தொடவில்லை. நடுவர் ஒரு நிமிடம் பொறுத்தார், ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

சரி, இதற்கும் ஃபுவென்தேக்கும் என்ன என்று கேட்கலாம். 2019 அக்டோபர் 18, வெராக்ரூஸ், எதிரணி திக்ரெஸ். அங்கேயும் சம்பளம் பாக்கி. அங்கேயும் விசில் ஊதியதும் வெராக்ரூஸ் ஆட்டக்காரர்கள் சிலை மாதிரி நின்றார்கள். ஒரே வித்தியாசம், எதிரணி மதிக்கவில்லை. முதல் சில நிமிடங்களிலேயே கோல் போட்டார்கள், ஆட்டம் 3-1. டிசம்பரில் வெராக்ரூஸ் அணியை லீக்கிலிருந்தே நீக்கினார்கள். இது நடந்த மைதானத்தின் பேர் ‘லூயிஸ் பிராத்தா ஃபுவென்தே’.

அவர் சட்டை போட்ட இரண்டு அணி, கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே காரணத்துக்காக நின்று போயிருக்கின்றன. இதை யாராவது சொல்லிவிட்டார்களா என்று பார்க்க ஃபோனை எடுத்தேன், சார்ஜ் இல்லை.

நான்காம் நாள்

காலையெல்லாம் மழை. துணி துவைத்தேன், காயவில்லை.

மதியத்துக்கு மேல் கடல்சார் அருங்காட்சியகம். பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் தேடிப் போனது பயணிக் கப்பல்களை. 1935-இல் வெராக்ரூசிலிருந்து இங்கே வர வேறு வழி கிடையாது. ஹவானா வழியாக அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும், இரண்டு வாரத்துக்குக் குறையாது. ஒரு ஆட்டக்காரனுக்கு இரண்டு வாரம் ஓடாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று இன்றைக்கு விமானத்தில் பறக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இந்தத் தடத்தில் ஓடிய கப்பல்களில் ‘கிறிஸ்தோபல் கொலோன்’ பேர் போனது. போர் தொடங்கிய அதே ஆண்டு அக்டோபரில், வெராக்ரூஸ் போகும் வழியில் பெர்முடா அருகே பவளப் பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெர்முடாவைச் சுற்றிக் கிடக்கும் உடைந்த கப்பல்களில் அதுதான் பெரியது. இன்றைக்கு அங்கே மூழ்கிப் பார்க்கிறவர்கள் காசு கொடுத்துப் போகிறார்கள்.

கப்பல் போனது, ஆனால் போக்குவரத்து நிற்கவில்லை. திசைதான் மாறியது. 1937-இல் வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதி அரசு ‘எயுஸ்காதி’ என்ற பேரில் ஓர் அணியை உலகம் சுற்ற அனுப்பியது, போருக்குப் பணமும் ஆதரவும் திரட்ட. பாரிஸில் அவர்கள் முதல் ஆட்டம் ஆடிய ஏப்ரல் 26 அன்றுதான் பாஸ்க் ஊரான கெர்னிகாவில் குண்டு விழுந்தது. ஐரோப்பா சுற்றி, சோவியத் ஒன்றியம் போய், கடைசியில் மெக்சிகோ சேர்ந்தார்கள். 1938-39-இல் மெக்சிகோ லீக்கிலேயே சேர்ந்து ஆடி இரண்டாம் இடம். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன லாங்கரா இந்த அணியில் இருந்தார். எண்ரிக்கே லர்ரினாகாவும் இருந்தார். அவர் ராசிங்கின் ஆட்டக்காரர், ஃபுவென்தேயின் சக ஆட்டக்காரர். ஒருவன் இங்கே வந்து ஒரு வருஷம் ஆடிவிட்டுத் திரும்பினான். அவனோடு ஆடியவர் அவன் நாட்டுக்கே போனார்.

பார்சலோனா அணியும் 1937-இல் மெக்சிகோ போனது. சிலர் திரும்பவில்லை. மார்த்தி வெந்தோல்ரா அங்கேயே அதிபர் லாசரோ கார்தெனாஸ் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மகன் 1970 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு ஆடினார். 1939 ஜூன் 13-இல் ‘சினாயா’ என்ற கப்பல் ஆயிரத்து அறுநூறு அகதிகளை வெராக்ரூசில் இறக்கியது. வெராக்ரூசிலிருந்து ஒருவர், வெராக்ரூசுக்கு ஆயிரக்கணக்கானோர்.

ஃபுவென்தே அப்புறம் அர்ஜென்டினா வரை போய் வெலெஸ் சார்ஸ்ஃபீல்ட் அணிக்கு ஆடினார். பட்டப்பேருக்குத் தகுந்த வாழ்க்கை, எங்கே கரை தெரிந்தாலும் இறங்கிவிடுவது. கடைசியில் சொந்த ஊருக்கு வந்தார். வெராக்ரூஸ் அணி 1943-இல் உருவாகி 1945-46-இல் முதல் பட்டத்தை வென்றபோது அதில் அவர் இருந்தார். 1967-இல் திறந்த மைதானம் இன்றைக்கு அவர் பேரில் இருக்கிறது. 1972-இல் இறந்தார்.

சாயந்திரம் மழை நின்றதும் துறைமுகத்து நடைபாதையில் நடந்தேன். அங்கே வெண்கலச் சிறுவர்கள், ஒருவன் தண்ணீரில் குதிக்கப் போகிற நிலையில். ‘ராகேரோஸ்’ என்பார்கள். கப்பலிலிருந்து பயணிகள் வீசும் காசைக் கடலில் மூழ்கி எடுத்த ஏழைப் பிள்ளைகள். 1935-இல் மெக்சிகோக் கப்பல் வந்து நின்றபோதும் இப்படிப் பிள்ளைகள் மொய்த்திருப்பார்கள். அதே நடைபாதையில் கொஞ்சம் தள்ளி ரென்சோ பியானோ கட்டிய கலைக்கூடம், முத்துப் பதித்த மாதிரி. ஆளாளுக்கு அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு வெண்கலப் பையன்கள்தான் பிடித்தார்கள்.

ஐந்தாம் நாள், கிளம்புகிறேன்

ரயில் மதியம். காலையில் கடைசியாக அந்த பாருக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் கவுண்டர்க்காரர், “இன்றைக்கு எந்த ஃபுவென்தே?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காபியும் ‘சொபாவோ’வும் வைத்தார். வெண்ணெய் தாராளமாகப் போட்ட கேக், பாஸ் பள்ளத்தாக்குக்காரர்களின் கைப்பக்குவம். கையில் தொட்டால் விரல் பளபளக்கும்.

பெரியவர் அதே மூலையில் இருந்தார், வேறு குறுக்கெழுத்து. என்னைப் பார்த்ததும் ஃபோனை எடுத்தார். முந்தின நாளே வெராக்ரூஸ் உறவுக்காரருக்கு வாட்ஸாப்பில் சொல்லியிருக்கிறார், இந்தியாவிலிருந்து ஒருத்தர் பிராத்தாவைத் தேடி சாந்தாந்தேருக்கு வந்திருக்கிறார் என்று. பதில் குரல் செய்தியாக வந்திருந்தது. ஒலியைக் கூட்டி மேசை மேல் வைத்தார். வெராக்ரூஸ் ஸ்பானிஷ், வேகம் ஜாஸ்தி, எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் பெரியவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அவரைத் தேடி அங்கே எதுக்குப் போனார்? இங்கே வரச் சொல்லு. இங்கே டாக்சிக்காரனிடம் ‘பிராத்தா’ என்றாலே போதும், கொண்டுவந்து இறக்கிவிடுவான். அப்புறம் ஒன்று கேளு. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததா? தொண்ணூறு வருஷம் ஆகப் போகிறது!”

கவுண்டர்க்காரர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே, “அதற்குள் பேரை வேறு ஒருத்தர் எடுத்துக்கொண்டார், நாங்கள் என்ன செய்ய?” என்று ஃபோனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். செய்தி பதிவாகிறது என்று நினைத்துவிட்டார் போல. பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு, அதை மறுபடி சொல்லச் சொல்லி, இந்தத் தடவை பட்டனை அழுத்தினார்.

ரயிலுக்கு நாற்பது நிமிடம். சொபாவோ இரண்டு பாக்கெட் வாங்கி, இன்னும் காயாத துணிகளுக்கு மேலே வைத்து, பையை மூடினேன்.